அறியாமையா, நெருக்கடியா? மலாயாத் தோட்டத் தொழிலாளரும் 'அசட்டைத் துணிவு' என்னும் குற்றச்சாட்டும்

முன்னுரை

மலாயாவின் தோட்டத் தொழிலாளர் வரலாற்றை எழுதப் புகுவோர் பயன்படுத்தும் சான்றுகளுள் பெரும்பாலானவை பிறர் எழுதி வைத்தவை. மருத்துவ அதிகாரிகளின் ஆண்டறிக்கைகளும், தொழிற்றுறைக் கட்டுப்பாட்டாளரின் குறிப்புகளும், தோட்ட நிருவாகிகளின் கடிதங்களுமே ஆவணக் காப்பகங்களில் நமக்குக் கிடைக்கின்றன. இவற்றைத் தொடர்ந்து படித்துவரும்போது ஒரு கருத்து மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் காணலாம். தொழிலாளி கவனமற்றவன், சொன்னதைக் கேளாதவன், தன் உடல்நலத்தைத் தானே கெடுத்துக்கொள்பவன் என்பதே அக்கருத்து. காய்ச்சல் மருந்தை விழுங்காமல் துப்பினான், வெறுங்காலுடன் நடந்தான், கையுறை அணியாமல் நஞ்சைத் தொட்டான் என்று குற்றப்பட்டியல் நீள்கிறது.

இக்குற்றச்சாட்டை முழுப்பொய் எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அது நேர்மையாகாது. ஆபத்தான சூழலில் வேலை செய்தவர்கள் உண்மையிலேயே வேண்டாத ஆபத்துகளை மேற்கொண்டார்கள். அதற்கு நாமே சாட்சி. எனவே அத்தகைய துணிவு இருந்ததா என்பதன்று நம் வினா. அத்துணிவு எச்சூழலில் பிறந்தது, அதனால் பயனடைந்தவர் யார், விலை கொடுத்தவர் யார் என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படும் வினாக்கள். இதன்பொருட்டுக் காய்ச்சல், வெறுங்கால், களைக்கொல்லி ஆகிய மூன்றும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

காய்ச்சலும் லயங்களும்

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான தெளிவான சான்றை 1897ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். நான்கே ஆண்டுகளுக்குப் பின், 1901இல், மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்தில் பொறுப்பேற்றார். அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், காய்ச்சல் கடுமையாகப் பரவியது. துறைமுகத்தை மூடிவிடும் பேச்சும் எழுந்தது. வாட்சன் கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் சதுப்பு நிலத்தின் நீரை வடியச் செய்து, காட்டை அகற்றி, குறுகிய காலத்தில் நோயைக் கட்டுப்படுத்தினார். வெப்பமண்டல நலவாழ்வு வரலாற்றில் இது முன்னோடிச் சாதனையாக இன்றும் போற்றப்படுகிறது.

ஆயினும் நகருக்குக் கிடைத்த இந்நலம் தோட்டங்களுக்கு உடனே கிட்டவில்லை. அக்காலம் இரப்பரின் பொற்காலம். 1910ஆம் ஆண்டு இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் இரப்பரின் விலை 12 சில்லிங் 9 பென்சு வரை ஏறியது. புதிய தோட்டங்கள் விரைந்து திறக்கப்பட்டன. தமிழகத்திலிருந்து ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினர். 1911ஆம் ஆண்டு கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 143,614 தொழிலாளருள் 9,040 பேர் மாண்டனர். ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 63 பேர் என்பது இவ்விறப்பு விகிதம். இவர்கள் முதியோர் அல்லர். உழைக்கும் வயதினர் எனத் தேர்ந்தெடுத்துக் கப்பலேற்றப்பட்டவர்கள் என்பதை மனத்திற்கொண்டால்தான் அவ்வெண்ணின் கொடுமை விளங்கும்.

வாட்சனின் ஆய்வு இங்கே மேலும் ஒரு படி செல்கிறது. சமவெளிகளில் காட்டு நிழலில் தேங்கும் நீரே நோய்க்கொசுவின் உறைவிடம். அங்கே காட்டை வெட்டி நீரை வடித்தால் நோய் குறையும். லயங்களைக் காட்டிலிருந்து ஏறத்தாழ அரை மைல் தள்ளி அமைத்தாலும் குறையும். மலைச்சரிவுகளிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே நோயைப் பரப்பும் அனோபிலிசு மேக்குலேட்டசு என்னும் கொசு வெயில் படும் தெளிந்த ஊற்றுநீரையும் ஓடைநீரையுமே நாடி முட்டையிடும். காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்ட செயலே அங்கு நோயை வளர்த்தது. சமவெளியில் உயிர் காத்த முறை மலையில் உயிர் குடித்தது. ஆகவே மலைப்பாங்கான இடங்களில் நிலத்தடிக் குழாய்களின் வழி நீரை வடிப்பதும், நீர்நிலைகளில் எண்ணெய் தெளிப்பதும் பின்னர் மேற்கொள்ளப்பட்டன.

இனி லயங்கள் எங்கே கட்டப்பட்டன என்பதை நோக்குவோம். நீர் எடுக்க எளிதென்று ஓடைக்கருகிலும், வேலைக்காட்டுக்கு அண்மையில் இருக்கவேண்டும் என்று பள்ளங்களிலும் அவை கட்டப்பட்டன. நிருவாகியின் பங்களாவோ பெரும்பாலும் காற்றோட்டமான மேட்டில் அமைந்தது. வாட்சன் தம் கண்டறிதல்களை 1911இல் நூலாகவே வெளியிட்டார். அதற்குப் பின்னர் அறியாமை என்னும் சாக்கு நிருவாகத்திற்கு இல்லை. இருந்தும் வடிகாலுக்குச் செலவிடுவதா, புதிய ஆட்களை வரவழைப்பதா என்னும் கணக்கில் பல தோட்டங்கள் இரண்டாவதையே தேர்ந்தன. ஆபத்தான இடத்தில் வீடு கட்டியவன் தொழிலாளி அல்லன். ஆயின் அதில் உறங்கியவன் அவனே.

கொயினாவைத் துப்பியவர்கள்

தொழிலாளரின் 'மடமைக்கு' எடுத்துக்காட்டாகப் பெரிதும் கூறப்பட்டது கொயினா மருந்தை அவர்கள் தவிர்த்தமையாகும். விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கவைத்து மருந்து ஊற்றப்பட்டது. வாயில் வாங்கிக்கொண்டு சற்றுத் தள்ளிப்போய்த் துப்பியோர் பலர். விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கும் வழக்கமும் இருந்தது.

வெளித்தோற்றத்தில் இது மடமையே. உயிர் காக்கும் மருந்தை ஒருவன் ஏன் துப்பவேண்டும்? விடை அம்மருந்தின் இயல்பிலேயே உள்ளது. கொயினாவின் கசப்பு நாம் அறிந்தது. மிகுதியாக உட்கொண்டால் காது இரையும், தலை சுற்றும், வயிறு குமட்டும். இந்நிலையில் சரிவில் நின்று பால்மரம் வெட்டுவது கடினம். வெட்டு முடியாவிட்டால் அன்றைய கூலி குறையும். காய்ச்சல் நாளை வரலாம், வராமலும் போகலாம். கூலிக்குறைவோ இன்றே உறுதி. இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்தே தொழிலாளி மருந்தைத் துப்பினான் என்று நாம் கருதுகிறோம்.

இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒரு வரும்படி இருந்தது. தன் கீழுள்ளவருள் ஒவ்வொரு நாளும் வேலைக்கு இறங்கியோரின் எண்ணிக்கைக்கேற்ப அது வழங்கப்பட்டது. ஆள் படுத்துவிட்டால் கங்காணிக்கும் இழப்பு. ஆகவே நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி வேலைக்கு அனுப்புவதில் கங்காணிக்கு நேரடியான ஆதாயம் இருந்தது. காய்ச்சலோடு மரம் வெட்டப் போனவனின் 'அசட்டைக்குப்' பின்னால் இப்படி ஒரு கணக்கும் இருந்ததை அறிக்கைகள் அரிதாகவே சுட்டுகின்றன. கொயினா மட்டுமே கொண்டு கடும் மலேரியா நிலவும் தோட்டத்தைக் காத்துவிட முடியாது, கொசுவின் பிறப்பிடத்தை அழிப்பதே வழி என்பது வாட்சனின் அனுபவமாகவும் இருந்தது. மருந்தைத் துப்பியவன் குற்றவாளிக் கூண்டில் நின்றான். வடிகால் வெட்டாதவன் பெரும்பாலும் நிற்கவில்லை.

வெறுங்காலும் கொக்கிப்புழுவும்

இரண்டாவதாகக் கொக்கிப்புழு நோயைக் காண்போம். இப்புழுவின் குடம்பி ஈரமண்ணிலிருந்து மனிதத் தோலைத் துளைத்து உடலினுள் புகுகிறது என்பதை 1898 அளவில் ஆர்தர் லூசு என்னும் செருமானிய அறிஞர் கெய்ரோவில் கண்டறிந்தார். குடம்பிகள் நிறைந்த நீர் தற்செயலாகத் தம் கையில் சிந்தியதும், அவ்விடம் சிவந்து அரித்ததும், பின்னர்த் தம் உடலிலேயே புழுவின் முட்டைகள் தோன்றியதும் அவருக்கு இவ்வுண்மையை உணர்த்தின. அறிஞர் ஒருவரின் கவனக்குறைவு அறிவியல் வரலாற்றில் கண்டுபிடிப்பாகப் பதிவாயிற்று. தொழிலாளியின் கவனக்குறைவுக்கு அத்தகைய பேறு கிட்டவில்லை.

1915ஆம் ஆண்டையொட்டி ராக்பெல்லர் அறநிறுவனத்தின் குழு ஒன்று சாமுவேல் டார்லிங் தலைமையில் மலாயா வந்து கொக்கிப்புழு, மலேரியா ஆகிய இரண்டையும் ஆராய்ந்தது. இப்புழு குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். உடல் வெளுத்து, மூச்சு வாங்கி, நடை தளரும். தோட்டத்து மொழியில் 'சோம்பேறி' என்று ஏசப்பட்டவருள் எத்தனை பேர் குருதிச்சோகை நோயாளிகள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தீர்வு இரண்டு. ஒன்று, காலுக்குச் செருப்பு. மற்றொன்று, போதிய கழிப்பிடம். முதலாவது தொழிலாளியின் செலவு. இரண்டாவது தோட்டத்தின் செலவு. வெறுங்காலுடன் நடப்பது மடமை என்று சொல்லப்பட்டபோது, கழிப்பிடமின்றி நூற்றுக்கணக்கானோரைக் குடியமர்த்துவது எத்தகைய அறிவுடைமை என்று கேட்கப்படவில்லை. மேலும், மழையில் நனைந்த சரிவில் இரு வாளிப் பாலையும் காண்டாக்கம்பில் தூக்கி வருபவனுக்கு வழுக்கும் செருப்பைவிட வெறுங்காலே உறுதியான பிடிப்பைத் தரும். பால் சிந்தினால் கூலி சிந்தியது போலாகும். கண்ணுக்குத் தெரியாத புழுவைவிடக் கண்ணெதிரே தெரியும் சறுக்கலுக்கே அவன் அஞ்சினான்.

மருந்தடி வேலை

மூன்றாவது எடுத்துக்காட்டு நம் காலத்துக்கு உரியது. லாலான் முதலிய களைகளை அழிக்க மலாயாத் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட்டு என்னும் கொடிய நச்சுப்பொருள் நெடுங்காலம் தெளிக்கப்பட்டது. 1960களில் பாராக்குவாட்டு அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. இதன் களைகொல்லும் ஆற்றல் 1955இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. 1962இல் 'கிராமக்சோன்' என்ற வணிகப்பெயரில் சந்தைக்கு வந்தது. ஆர்சனிக்கைவிடப் பாதுகாப்பானது என்று வரவேற்கப்பட்ட இம்மருந்துக்கு மாற்று மருந்து இன்றுவரை இல்லை. உள்ளே சென்றால் நுரையீரலைச் சிதைக்கும். தோலில் புண்ணோ கீறலோ இருந்தால் அதன் வழியாகவும் உட்புகும். தொடர்ந்து புழங்குவோருக்கு நகம் நிறம் மாறி உதிர்தல், மூக்கில் குருதி வடிதல், தோல் வெந்து போதல் ஆகியவை நேர்வதுண்டு.

தோட்டங்களில் இம்மருந்தைத் தெளித்தோர் பெரும்பாலும் பெண்கள். நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்திலும் அவ்வாறே. எம் தாயார் பன்னிரண்டு ஆண்டுகள் மருந்தடி வேலை செய்தவர். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சோறு கொண்டு செல்லும்போது நாம் கண்ட காட்சி ஒன்று இன்றும் நினைவை விட்டு அகலவில்லை. தெளிப்பானின் முனை அடைத்துக்கொண்டால் அவரும் உடன் வேலை செய்த பெண்களும் அதைக் கழற்றி, வாயில் வைத்து ஊதி அடைப்பை நீக்கினர். பிறகு எச்சிலைத் துப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். தோட்டம் அளித்த முகமூடி கழுத்தில் தொங்கியது. கையுறை வரப்போரத்தில் கிடந்தது.

வெளிநாட்டில் முனைவர்ப் பட்ட ஆய்வை முடித்துத் திரும்பிய பின்னர், தொழிற்பாதுகாப்பு அறிக்கைகளில் இதே செயல் 'தொழிலாளரின் தவறான பழக்கம்' என்று குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டோம். அது தவறான பழக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எம் தாயார் அறிவற்றவர் அல்லர் என்பதும் நமக்குத் தெரியும். மருந்துப் போத்தலை எங்கள் கைக்கெட்டாதவாறு கூரை விட்டத்தில் மறைத்து வைத்தவர் அவர். வேலைத்துணியை எங்கள் துணியோடு சேர்த்து ஊறவைக்காதவர் அவர். அந்நஞ்சின் இயல்பை அவர் நன்கறிவார். பின் ஏன் ஊதினீர்கள் என்று ஒரு நாள் கேட்டோம். அவர் தந்த விடை இது: "ஸ்டோருக்குப் போய் அடைப்பெடுத்துட்டு வந்தா அரை மணி நேரம் போயிடும் ஐயா. மண்டோர் எத்தனை பம்பு அடிச்சேன்னுதான் எண்ணுவாரு. அந்த முகமூடியப் போட்டுக்கிட்டு வெயில்ல மேடு ஏறிப் பாரு, மூச்சே நின்னுடும்."

இவ்விடையில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, கூலி கணக்கிடப்பட்ட முறை. எத்தனை பம்பு தெளிக்கப்பட்டது என்பதே அளவுகோலானால், பாதுகாப்புக்குச் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் தொழிலாளியின் சொந்தப் பணத்திலிருந்து கழிகிறது. இரண்டாவது, கருவியின் பராமரிப்பு. மாற்று முனை ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்திருந்தால் வாயால் ஊதும் தேவையே எழுந்திராது. அதன் விலையும் மிகச் சிறிது. மூன்றாவது, தட்பவெப்பம். காற்றுப் புகாத ஆடையும் முகமூடியும் நம் நாட்டு வெயிலில், முதுகில் ஏறத்தாழ 20 கிலோ சுமையுடன், பல மணி நேரம் அணியத்தக்கவை அல்ல. ஒரு நாட்டின் சூழலில் அணிய இயலாத காப்பைக் கட்டாயமாகக் கொண்ட ஒரு மருந்து, அந்நாட்டில் பாதுகாப்பாகப் பயன்படுத்தத்தக்க மருந்தா என்பதே அடிப்படை வினா.

சட்டமும் பொறுப்பும்

'தானே தேடிக்கொண்ட கேடு' என்னும் வாதம் சட்ட வரலாற்றிலும் நீண்ட ஆயுள் உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஆபத்தை அறிந்தே வேலையை ஏற்றவன் இழப்பீடு கேட்கலாகாது என்ற கொள்கை முதலாளிகளுக்கு அரணாக விளங்கியது. 1897ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அவ்வரணை உடைத்தது. முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்காமலேயே இழப்பீடு பெற வழிசெய்தது. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டம் அம்மரபில் வந்தது. பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியதால் விளைந்த காயத்திற்கு இழப்பீடு இல்லை என்ற விலக்கு அதில் இருந்தது. எனினும் பின்னர் வந்த திருத்தத்தின்படி உயிரிழப்பு நேர்ந்தால் அவ்விலக்குப் பொருந்தவில்லை. மடமை செய்தவன் மாண்டாலும் அவன் குடும்பம் பட்டினி கிடக்கக்கூடாது என்னும் அறவுணர்வு அச்சட்ட வரியில் ஒளிந்துள்ளது.

மலேசியாவில் 1974இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1994இல் தொழிலியல் பாதுகாப்பு, நலவாழ்வுச் சட்டமும் நிறைவேறின. பின்னதன் 15ஆம் பிரிவு முதலாளியின் கடமைகளையும் 24ஆம் பிரிவு தொழிலாளியின் கடமைகளையும் கூறுகின்றன. காப்பு ஆடையை அணிவது தொழிலாளியின் கடமை. பாதுகாப்பான வேலைமுறையை அமைப்பது முதலாளியின் கடமை. பயிற்சி வகுப்புகளில் முன்னது உரக்கவும் பின்னது மெல்லவும் சொல்லப்படுவதை நாம் கேட்டதுண்டு.

பாராக்குவாட்டின் கதையும் இதே பாடத்தைத் தருகிறது. தொழிலாளர் நல அமைப்புகளின் தொடர்ந்த முயற்சியால் 2002இல் மலேசிய அரசு இதனைப் படிப்படியாகத் தடைசெய்வதாக அறிவித்தது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. முறையாகப் பயன்படுத்தினால் தீங்கில்லை என்பதே அதன் ஆதரவாளர் முன்வைத்த வாதம். முழுத்தடை நடைமுறைக்கு வந்தது 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில்தான். 'முறையாகப் பயன்படுத்தினால்' என்ற அத்தொடரைச் சற்று எண்ணிப் பார்த்தால், அஃது ஒரு பொருளின் தீமையை அதனைக் கையாளும் மனிதரின் மீது ஏற்றிவிடுவது புலனாகும். மருந்து நல்லது, தெளிப்பவளே தவறானவள். கொயினாக் காலத்துக் குற்றச்சாட்டு நூறாண்டு கழித்தும் உயிரோடிருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டா.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, தோட்டத் தொழிலாளர் மேற்கொண்ட ஆபத்துகள் பல, அவற்றைத் தனித்து நோக்குங்கால் மடமையாகத் தோன்றினும், கூலிமுறை, வசிப்பிடம், கருவி, தட்பவெப்பம் ஆகியவற்றோடு சேர்த்து நோக்குங்கால் ஒரு கணக்கின் விடையாகத் தோன்றுகின்றன. இரண்டாவது, அக்கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் வேறொருவர்.

இங்ஙனம் கூறுவதால் தொழிலாளரைப் பழியற்ற பாவைகளாக்குவது நம் நோக்கமன்று. தாம் செய்வது ஆபத்து என்று அறிந்தே செய்தார்கள் என்பதை மறைத்தால், அவர்களின் அறிவையே மறைத்தவராவோம். பழக்கமும் ஒரு காரணமே; நேற்று ஒன்றும் ஆகவில்லை, ஆகவே இன்றும் ஆகாது என்ற எண்ணம் மனித இயல்பு. அவ்வியல்பு தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று. பள்ளத்தில் லயம் கட்டியவருக்கும், மாற்று முனை வாங்க மறந்தவருக்கும் அது உண்டு. இருவருக்கும் உள்ள வேறுபாடு, ஒருவர் தம் உயிரைப் பணயம் வைத்தார், மற்றவர் பிறர் உயிரைப் பணயம் வைத்தார் என்பதே.

தோட்ட வாழ்வைச் சித்திரிக்கும் கதைகளை வகுப்பறையில் நடத்தும் ஆசிரியர்களுக்கு இது பயன்படலாம். கதைமாந்தர் காய்ச்சலோடு வேலைக்குப் போகும்போதோ, வெறுங்கையால் நஞ்சைக் கலக்கும்போதோ, 'அறியாமை' என்று ஒரு சொல்லில் விடையெழுதப் பழகிய மாணவரிடம், அன்று அவர் வேலைக்குப் போகாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுப் பார்க்கலாம். தமிழர் பலர் தோட்டங்களை விட்டு வெளியேறிவிட்டனர். அவர்கள் நின்ற நிரைகளில் இன்று செம்பனைக்கடியில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிற்கின்றனர். அவர்களைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம் என்பதையும் அக்கேள்வி சோதிக்கும்.

எம் தாயாருக்கு இப்போது எழுபது வயது கடந்துவிட்டது. வலக்கைப் பெருவிரல் நகம் இன்னும் நேராக வளர்வதில்லை. நாம் இக்கட்டுரையின் செய்தியை அவரிடம் எடுத்துக் கூறியபோது, அவர் நெடுநேரம் கேட்டுவிட்டு, "அந்த முனை ஒன்னு அப்ப எவ்வளவு காசு இருந்திருக்கும்?" என்று மட்டும் வினவினார். அதன் விலை எந்த ஆவணத்திலும் நமக்குக் கிடைக்கவில்லை.